நாங்க படிச்ச பழைய ஸ்கூல் கட்டடம்: மியூசியமா, ஹோட்டலா, லைப்ரரியா? வழி சொல்லுங்க

கடைசிபெஞ்ச்:

மக்களே வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க.

நான் படிச்ச ஸ்கூலுக்கு நூறு வருஷம் தாண்டின ஒரு பழைய பில்டிங் இருக்கு. கீழ ஒரு தளம், மேல ஒரு மாடி, தடிமனான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மர உத்தரம், நடுவுல நீளமா ஒரு வராண்டா, ரெண்டு பக்கமும் வகுப்பு. ஸ்கூல் புது இடத்துக்கு மாறினதுலேர்ந்து இது பூட்டியே கிடக்கு. போன மாசம் பழைய மாணவங்க நாலஞ்சு பேர் சாவி வாங்கி உள்ள போனோம். மாடிப்படி ஒவ்வொண்ணும் நடுவுல தேஞ்சு கிண்ணம் மாதிரி குழிஞ்சு இருக்கு, எத்தனை ஆயிரம் கால் அதுமேல ஓடியிருக்கும்னு நினைச்சதும் தொண்டை அடைச்சுடுச்சு. எங்க வகுப்புல போர்டு அப்படியே இருக்கு, மூலையில வருகை எழுதுற கட்டம், அதுக்குள்ள யாரோ எழுதின 41 இன்னும் அழியல. அந்த 41ல ஒருத்தன் கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலையேன்னு ஒரு வருத்தம் (நானே இத்தனை வருஷம் கழிச்சுதான் போறேன், அது வேற விஷயம்).

இப்ப நிர்வாகம் என்ன சொல்லுதுன்னா, இடிக்கிறதா வச்சுக்கிறதான்னு முடிவு பண்ணப்போறாங்களாம், வச்சுக்கணும்னா அதுல என்ன நடக்கப்போகுதுன்னு ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கன்னு கேக்கறாங்க. நியாயம்தான். ஆனா எங்க வாட்ஸப் குரூப்புல அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல. ஒரு கோஷ்டி மியூசியம்ங்குது. இன்னொரு கோஷ்டி ஹோட்டல் ஆக்கி அதுல வர்ற வருமானத்துல கட்டடத்தைப் பார்த்துக்கலாம்ங்குது, அதைக் கேட்டதும் பாடம் படிச்ச ரூம்ல கட்டில் போடறதான்னு பெரியவங்க ரெண்டு பேர் குரூப்பை விட்டே வெளிய போயிட்டாங்க. மூணாவது கோஷ்டி லைப்ரரி. நான் லைப்ரரி கட்சி, அதையும் சொல்லிடறேன்.

இந்த மாதிரி வேலையில இருக்கறவங்க, வெளிய எங்கயாவது நேர்ல பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. எது தாங்கும், எது தாங்காது, எதைத் தொடவே கூடாது?


சுண்ணாம்புக்கை:

பழைய கட்டட ரிப்பேர்தான் எனக்குப் பொழப்பு, அதனால வர்றேன். முதல் குண்டு உங்க கட்சிக்குத்தான், கோவிச்சுக்காதீங்க.

லைப்ரரின்னு சொன்னதும் எல்லாருக்கும் அமைதி, மேஜை விளக்குன்னு ஞாபகம் வரும், எனக்கு வெயிட்டுதான் ஞாபகம் வரும். வகுப்பறைத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் கிட்ட கணக்கு வைப்போம், அதாவது 300 கிலோ. புத்தக ரேக் வரிசை வரிசையா நிக்கிற ரூமுக்கு அது 6லேர்ந்து 7.5 வரைக்கும் போகும், நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும், ஆனா ரெண்டு மடங்குக்குக் குறையாது. பசங்க எவ்வளவு குதிச்சாலும் மணி அடிச்சா கீழ இறங்கிடுவாங்க, புத்தகம் இறங்காது, ராத்திரி பகல் அங்கயே நிக்கும். உங்க மாடி மர உத்தரம்ங்கறீங்க. மேல வாசிக்கிற மேஜை, கீழ தரையோட ரேக்குன்னு பிரிச்சா லைப்ரரி நடக்கும். மேல ரேக் வைக்கணும்னு அடம் பிடிச்சா ஸ்டீல் பீம் வரும், அப்புறம் நீங்க எதைக் காப்பாத்த வந்தீங்களோ அது அந்த ஸ்டீலுக்குப் பின்னாடி போயிடும்.

ஹோட்டல் இதுக்கு நேர் எதிர். லோடு கம்மி, சதுர மீட்டருக்கு 2 போதும். ஆனா ஒவ்வொரு ரூமுக்கும் பாத்ரூம் வேணுமே. பழைய ஸ்கூல்ல டாய்லெட் எல்லாம் ஒரு மூலையில இருக்கும், இல்ல வெளிய தனியா இருக்கும். இப்ப பதினஞ்சு ரூம்னா பதினஞ்சு இடத்துல தண்ணி மேல ஏறணும், கழிவு கீழ இறங்கணும், அத்தனை பைப்பும் உத்தரத்துக்கு ஊடால போகணும். பிளம்பர் அவசரத்துல உத்தரத்துல ஒரு வெட்டு போட்டான்னா போச்சு, அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு தளம் தொங்கும்போதுதான் தெரியும். மர உத்தரத்துக்கு இன்னொரு வியாதியும் உண்டு. நடுவுல பளபளன்னு இருக்கும், சுவருக்குள்ள சொருகியிருக்கிற முனை மட்டும் ஈரம் குடிச்சு இத்துப்போயிருக்கும். அடுத்த தடவை போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு போங்க, சுவரை ஒட்டி ஒவ்வொரு முனையிலயும் குத்திப் பாருங்க, கேக் மாதிரி உள்ள போச்சுன்னா மியூசியம், ஹோட்டல் பேச்சை நிறுத்திட்டு முதல்ல அதைப் பாருங்க.

தொடக்கூடாதது எதுன்னா, சுவர் மேல சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ள வாங்கும், வெளிய விடும். அதுமேல சிமெண்ட் பூசினா ஈரம் வெளிய வர வழி இல்லாம செங்கல்லயே தங்கும், அதுல இருக்கிற உப்பு உள்ளேயே படிகமாகி செங்கல்லோட முகத்தை உள்ள இருந்து தள்ளும். நான் ஒரு கட்டடத்துல ஒட்டியிருந்த சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுத்தேன், பலகை பலகையா வந்தது, வந்த ஒவ்வொரு பலகையோட முதுகுலயும் செங்கல் தோல் ஒட்டிக்கிட்டு வந்தது. எனக்கு முன்னாடி வேலை பார்த்தவர் நல்ல எண்ணத்துலதான் பூசியிருக்கார், கட்டடம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு. ஸ்ட்ராங்குதான் பிரச்சனையே, சுவரை விடப் பூச்சு மிருதுவா இருக்கணும், அப்பதான் விரிசல் விட்டாலும் பூச்சு விடும், சுவர் தப்பிக்கும்.

பெயிண்ட்டைச் சுரண்டறதுக்கு முன்னாடி ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிடுங்க. பாய்லர், பழைய பைப் சுத்தி வெள்ளையா நார் மாதிரி எதாவது சுத்தியிருந்தா கை வைக்காதீங்க, ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம்.


ஜன்னல்சீட்:

சுண்ணாம்பு அண்ணன் பயமுறுத்திட்டார், நான் கொஞ்சம் தெம்பு கொடுக்கறேன்.

ஹோட்டல்னா கேவலம்னு நினைக்கிற உங்க பெரியவங்களுக்கு அமெரிக்காவுல போர்ட்லாண்ட்ல இருக்கிற கென்னடி ஸ்கூல் கதையைச் சொல்லுங்க. (அந்த பிரசிடெண்ட் கென்னடி இல்ல, நிலம் கொடுத்த வேற ஒரு கென்னடி.) 1915ல திறந்த எலிமெண்டரி ஸ்கூல், 1975ல மூடினாங்க, ரொம்ப வருஷம் சும்மா கிடந்து இடிக்கிற நிலைமை வந்தப்ப அக்கம்பக்கத்து ஜனங்க விடல. 1997ல ஹோட்டலா திறந்தாங்க, இப்ப 57 ரூம். வகுப்பறைதான் ரூம், கட்டிலுக்கு எதிர்ல போர்டு அப்படியே இருக்கு, சாக்பீஸ் எடுத்து எழுதலாம், பசங்க கோட்டு மாட்டி வைக்கிற இடம் கூட அப்படியே. ஸ்கூல் ஆடிட்டோரியத்தை சோபா போட்டு சினிமா தியேட்டர் ஆக்கிட்டாங்க. ஒரு சின்ன பாருக்கு டிடென்ஷன்னு பேரு, அதுக்கு ஜோடியா இன்னொரு பாருக்கு ஹானர்ஸ்னு பேரு. நல்லா படிச்சவன் ஒரு பக்கம், முட்டி போட்டவன் ஒரு பக்கம். எனக்கு அதைப் படிச்சதும் சிரிப்பு தாங்கல. அது ஒரே தளமா கட்டின ஸ்கூல், அதனால சுண்ணாம்பு அண்ணன் சொல்ற மாடி உத்தரம் தலைவலி அங்க இல்ல, அதையும் ஒத்துக்கறேன்.

நான் நேர்ல போனது கியோட்டோ மங்கா மியூசியம் (மங்கான்னா ஜப்பான் காமிக்ஸ்). ஜப்பான்ல கியோட்டோ ஜனங்க 1869லேயே, அதாவது நாடு முழுக்க கல்வித் திட்டம் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, தெருத்தெருவா சேர்ந்து 64 ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. அடுப்பு எரியற ஒவ்வொரு வீட்டுலயும் இவ்வளவுன்னு பணம் வாங்கி நடத்தினதால அதுக்கு அடுப்புப் பணம்னே பேரு. அதுல ஒண்ணுதான் தட்சுயிகே ஸ்கூல். நகரத்துக்கு நடுவுல பசங்க குறைஞ்சு குறைஞ்சு 1995ல மூடிட்டாங்க, 2006ல அந்த 1929 கட்டடத்துல மங்கா மியூசியம் வந்தது, நகராட்சியும் ஒரு யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்தறாங்க. மொத்தம் 3 லட்சம் ஐட்டம், ஆனா சுவர் ஓரமா ரேக்ல எடுத்துப் படிக்கிற மாதிரி 50,000 தான். வராண்டா ரெண்டு பக்கமும் சுவரே தெரியாம புத்தகம். மரத்தரை நடக்கும்போது கிரீச் கிரீச்னு சத்தம் போடுது, அதை அவங்க நிறுத்தவே இல்ல. வெளிய விளையாட்டு மைதானம் இருந்த இடத்துல புல்தரை, அதுல குப்புற படுத்துக்கிட்டு பெரியவங்க சின்னவங்க எல்லாம் காமிக்ஸ் படிக்கறாங்க. என் பக்கத்துல ஒரு தாத்தா ஷூவைக் கழட்டி தலைக்கு வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அசையாம படிச்சார். உள்ள ஒரு ரூம்ல அந்த ஸ்கூலோட சரித்திரத்தை மட்டும் வச்சிருக்காங்க. நம்மாளு மொத்த கட்டடத்தையும் மியூசியம் ஆக்கணும்ங்கறான், அவங்க ஸ்கூலுக்கு ஒரு ரூம் கொடுத்துட்டு மிச்சத்தை இன்னைக்கு உள்ள ஜனங்களுக்குக் கொடுத்திருக்காங்க. அந்த கணக்கு எனக்குப் பிடிச்சுது.

லைப்ரரி கட்சிக்கு இது ஆறுதலா இருக்கும்னு நினைக்கறேன், கடைசிபெஞ்ச்.


கடைசிபெஞ்ச்:

ஆறுதல் என்ன, குரூப்புல இப்பவே ஃபார்வர்ட் பண்ணிட்டேன். "ஸ்கூலுக்கு ஒரு ரூம்"ங்கறதுல மியூசியம் கோஷ்டி கொஞ்சம் இறங்கி வர்றாங்க. டிடென்ஷன் பார் மேட்டரை மட்டும் வெட்டிட்டு அனுப்பினேன், இருக்கிற சண்டை போதும்.


நேர்பேச்சு:

எல்லாரும் இனிப்பாவே பேசறீங்க, நான் கொஞ்சம் கசப்பு தர்றேன்.

பழைய மாணவங்க குரூப்போட பிரச்சனை என்னன்னா, கட்டடத்துக்கு என்ன வேணும்னு யோசிக்கறது இல்ல, தனக்கு என்ன ஞாபகம் வேணும்னுதான் யோசிக்கறாங்க. திறப்பு விழாவுக்கு முந்நூறு பேர் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்க மாட்டான். நான் ஒரு ட்ரஸ்டுல இருந்து பார்த்தேன், ஒரு ரூம்ல பழைய குரூப் போட்டோ மாட்டி, கோப்பையெல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சு, மியூசியம்னு போர்டு போட்டோம். ரெண்டாவது வருஷம் அந்த ரூம் தேர்தல் சாமான் வைக்கிற ஸ்டோர் ரூம். நானும் அதுல கையெழுத்துப் போட்டவன்தான்.

நல்ல கட்டடம், நல்ல எண்ணம், பெரிய பேரு எல்லாம் இருந்தும் மாட்டிக்கிட்ட கதை வேணும்னா எடின்பரோவுல பழைய ராயல் ஹை ஸ்கூலைப் பாருங்க. தாமஸ் ஹாமில்டன் டிசைன் பண்ணி 1829ல முடிச்சது, குன்றுமேல கிரேக்கக் கோவில் மாதிரி தூண் தூணா நிக்கும். 1968ல ஸ்கூல் வேற இடம் போயிடுச்சு. எழுபதுகள்ல, ஸ்காட்லாந்துக்குத் தனி சட்டசபை வரப்போகுதுன்னு நம்பி உள்ள ஹாலையே விவாத மன்றமா மாத்தி நாற்காலி எல்லாம் போட்டு வச்சாங்க. 1979ல வாக்கெடுப்பு நடந்தது, வேணும்னு சொன்னவங்கதான் அதிகம், ஆனா மொத்த வாக்காளர்ல 40 சதவீதம் வேணும்னு ஒரு நிபந்தனை, அதைத் தொடல. சபை வரல. இருபது வருஷம் கழிச்சு நிஜமாவே பார்லிமெண்ட் வந்தப்போ அது வேற இடத்துக்குப் போச்சு. அப்புறம் சொகுசு ஹோட்டல் ஆக்கறோம்னு திட்டம் வந்துது, ரெண்டு பக்கமும் ஒட்டுக் கட்டடம் எழுப்பற திட்டம், 2015லயும் 2017லயும் கவுன்சில் நிராகரிச்சது, அப்பீலும் 2020ல தோத்துது. இப்ப இசை மையமா மாத்தற வேலை. கணக்கு போடுங்க, ஸ்கூல் வெளிய போய் அரை நூற்றாண்டுக்கு மேல. இதுல யாரும் கெட்டவங்க இல்ல. வராத ஒரு விருந்தாளிக்காக வீட்டை அலங்காரம் பண்ணி வச்சாங்க, அவ்வளவுதான்.

நியூயார்க்ல குவீன்ஸ்ல இருக்கிற பி.எஸ்.1 இதுக்கு நேர் எதிர். 1890கள்ல கட்டின ஸ்கூல், 1963ல மூடி கிடங்கா வச்சிருந்தாங்க. 1976ல அலானா ஹைஸ்னு ஒரு அம்மா கலைஞர்களைக் கூட்டிட்டு வந்து, சுவர் உதிர்ந்த நிலைமையிலயே, கழிப்பறை, மாடி, பாய்லர் ரூம்னு கிடைச்ச இடத்துல எல்லாம் வேலை செய்யச் சொல்லிட்டாங்க. முதல் கண்காட்சியோட பேரே "ரூம்ஸ்". பெரிய ரிப்பேர் எல்லாம் அப்புறம்தான், முடிச்சு மறுபடி திறந்தது 1997ல. 2000ல மோமாங்கற நியூயார்க் நவீன கலை மியூசியத்தோட சேர்ந்துது. அதாவது முதல்ல ஆள் வந்தாங்க, அப்புறம்தான் பெயிண்ட் வந்தது. உங்க குரூப்புல மூணு கோஷ்டி இருக்கு, சரி, தினம் வர்ற ஆள் எந்த கோஷ்டியில இருக்கான்? அதைச் சொல்லுங்க, நான் அந்த கட்சி.


ஜன்னல்சீட்:

நேர்பேச்சு சார் சொல்றதுக்கு ஒரு உதாரணம் ஞாபகம் வந்துது. மறுபடியும் ஜப்பான்தான், மன்னிச்சுக்கோங்க, அங்க பிறப்பு குறைஞ்சு வருஷத்துக்கு சுமார் 450 ஸ்கூல் மூடறாங்க, அதனால இதுல அவங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. 2010லேர்ந்து அவங்க கல்வி அமைச்சகமே மூடின ஸ்கூல் லிஸ்ட்டை வெளியிட்டு, இடம் தேடறவங்களோட சேர்த்து விடுது, கிட்டத்தட்ட வரன் பார்க்கற மாதிரி.

முரோட்டோன்னு ஒரு கடலோர ஊர்ல 2006ல மூடின ஸ்கூலை 2018ல மீன் காட்சியகம் ஆக்கிட்டாங்க. 25 மீட்டர் நீச்சல் குளத்துல பசங்களுக்குப் பதிலா சுறாவும் ஆமையும் சுத்துது. ஜிம்ல தாண்டிக் குதிக்கிற மரப்பெட்டி இருக்கும்ல, அதுல தண்ணித் தொட்டி வச்சு மீன் விட்டிருக்காங்க. மீனுக்கு பெருசா அலையல, அந்த ஊர் மீனவங்க வலையில மாட்டறதுதான். நடத்தறது கடலாமை ஆராய்ச்சி பண்ற ஒரு சங்கம். ஆமைக்கு தினம் சாப்பாடு போடணும், அதனால கதவு தினம் திறந்தே ஆகணும். செவ்வாய்க்கிழமை காலையிலயும்.


சாக்பீஸ்டீச்சர்:

முப்பது வருஷத்துக்கு மேல பாடம் எடுத்தவ நான், இப்ப ரிட்டயர்ட். பிள்ளைங்களா, எல்லாரும் சுவரைப் பத்தியும் உத்தரத்தைப் பத்தியும் பேசறீங்க, அந்த ரூம் ஏன் அப்படி இருக்குன்னு யாரும் கேக்கல.

பழைய வகுப்புல போய் நில்லுங்க தம்பி, பெரும்பாலும் ஜன்னல் பிள்ளைகளுக்கு இடது பக்கம்தான் இருக்கும். வலது கையால எழுதறப்ப கையோட நிழல் நோட்டுல விழக்கூடாதுன்னு அப்படி வச்சாங்க. (இடது கைக்காரப் பிள்ளைங்களை யாரு நினைச்சா, அந்தக் காலத்துல அதுக்கும் அடிதான்.) ஜன்னல் உசரமா இருக்கும், வெளிச்சம் எதிர்ச் சுவர் வரைக்கும் போகணும்ல, கரண்டு இல்லாத காலம். கீழ்ச்சட்டம் பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கும், வேடிக்கை பார்க்காம இருக்க. நீங்க ஏசிக்காக பொய்க்கூரை (ஃபால்ஸ் சீலிங்) போட்டீங்கன்னா அந்த ஜன்னலோட மேல் பாதி அடைபடும், அப்புறம் பகல்லயே லைட்டு போட்டுக்கிட்டு பழைய கட்டடம் இருட்டுன்னு சொல்லுவீங்க. இருட்டு கட்டடத்தோடது இல்ல.

அமெரிக்காவுல தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்காக 1912லேர்ந்து 1932 வரைக்கும் கிட்டத்தட்ட 5,000 ஸ்கூல் கட்டினாங்க, ரோசன்வால்ட் ஸ்கூல்னு சொல்லுவாங்க. புக்கர் டி. வாஷிங்டன்ங்கற கறுப்பினக் கல்வியாளரோட யோசனை, ஜூலியஸ் ரோசன்வால்ட்ங்கற வியாபாரியோட பணம், அதோட அந்தந்த ஊர் ஜனங்களும் காசு, மரம், உழைப்புன்னு கொடுத்தாங்க. ஜன்னல் கிழக்கு மேற்கா வர்ற மாதிரி பிளான்லயே போட்டிருந்தாங்க. இன்னொண்ணு என்னன்னா, ரெண்டு வகுப்புக்கு நடுவுல நகர்த்தற தடுப்பு, தள்ளிட்டா ஊர்க் கூட்டம் நடத்தற ஹால். அதாவது வேற உபயோகம்ங்கறது நீங்க புதுசா கண்டுபிடிக்கல, முதல் நாளே அது கட்டடத்துக்குள்ள இருந்தது. இன்னைக்கு மிஞ்சினது பத்துல ஒரு பங்கு அளவுதான், அதுல சிலது சமூகக் கூடமா நடக்குது.

உங்க போர்டுல இருக்கிற 41 பத்தி ஒரு வார்த்தை. ஒக்லஹோமா சிட்டியில எமர்சன்னு ஒரு ஹை ஸ்கூல்ல 2015ல புது போர்டு மாட்ட பழைய போர்டைக் கழட்டினாங்க. பின்னாடி இன்னொரு பழைய கல்போர்டு, அதுல 1917 நவம்பர், டிசம்பர்ல எழுதின பாடம் அப்படியே, நேத்து எழுதின மாதிரி கலர் சாக்பீஸ்ல. வான்கோழிப் படம், தேதி, பிள்ளைங்க பேரு, சுத்தத்தைப் பத்தின விதி, பெருக்கல் சொல்லித்தர ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தை எப்படி உபயோகிச்சாங்கன்னு பார்த்தவங்களுக்குப் புரியல. ஒரு டீச்சர் சாயங்காலம் அழிக்காம வீட்டுக்குப் போயிருக்கா, அவ்வளவுதான், தொண்ணூத்தெட்டு வருஷம் இருந்திருக்கு. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு நான் எத்தனை போர்டை சுத்தமா துடைச்சிருப்பேன்னு நினைச்சேன்.

அதனால உங்க போர்டை யாராவது கழட்டினா நீங்க பக்கத்துல நில்லுங்க. ஆணி பிடுங்கறவங்க கையில விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க.


மௌனம்:

ரெண்டு வரி மட்டும். ஸ்கூல் கட்டடம் மாறினா அழகான கதையாத்தான் இருக்கும்னு இல்ல. கம்போடியாவுல நாம்பென்ல ஒரு ஹை ஸ்கூலை 1976ல, அப்ப அங்க ஆட்சியில இருந்த கெமர் ரூஜ் கட்சிக்காரங்க எஸ்-21ங்கற சிறை ஆக்கினாங்க. வகுப்புக்குள்ள செங்கல் வச்சு ஆள் காலை நீட்ட முடியாத அறையா தடுத்தாங்க, பிள்ளைங்க உடற்பயிற்சி பண்ற கம்பத்தைச் சித்திரவதைக்கு உபயோகிச்சாங்க. 12,000க்கு மேல ஆளுங்க உள்ள போனாங்க, உயிரோட வந்தவங்களை விரல் விட்டு எண்ணலாம். இப்ப அது துவோல் ஸ்லெங் மியூசியம், 2025ல உலக பாரம்பரியச் சின்னம். தரையில கட்டம் கட்டமா ஓடு, நம்ம வகுப்புல இருக்கிற மாதிரியேதான். நான் அங்க அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாம வெளிய வந்துட்டேன்.

அங்க மியூசியம்தான் இருக்கணும், வேற எதுவும் வர முடியாது. அமெரிக்காவுல டொப்பீகாங்கற ஊர்ல மன்ரோ எலிமெண்டரியும் அப்படித்தான், பிள்ளைங்களை நிறம் பார்த்து பிரிக்கிறது சட்டவிரோதம்னு 1954ல தீர்ப்பு வந்துதே பிரவுன் வழக்கு, அதுல சம்பந்தப்பட்ட கறுப்பினப் பிள்ளைங்க ஸ்கூல். தீர்ப்பு வந்து சரியா ஐம்பதாவது வருஷம், 2004 மே 17, மியூசியமா திறந்தாங்க. அப்படி ஒரு சம்பவம் உங்க கட்டடத்துல நடந்திருந்தா மியூசியம் கேளுங்க. நீங்க எல்லாம் படிச்சதுதான் சம்பவம்னா ஜன்னல்சீட் சொன்ன ஒரு ரூம் போதும்.


சுண்ணாம்புக்கை:

டீச்சர் அம்மா சொன்ன பொய்க்கூரை மேட்டரை நான் எழுத மறந்துட்டேன், நன்றிம்மா. பத்துல எட்டு வேலையில நான் முதல்ல கழட்டறது அதைத்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், நெருப்பு. அழகா இருக்குன்னு நீங்க சொல்ற மாடிப்படி கதவு இல்லாத திறந்த படியா? அப்படின்னா அது புகைக்கு சிம்னி. சிகாகோவுல 1958 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு ஸ்கூல் தீ, அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ், படிக்கட்டுக்கு அடியில குப்பையில பிடிச்ச தீ, திறந்த படி வழியா புகை நேரா மாடிக்கு ஏறி 92 பிள்ளைங்களும் 3 கன்னியாஸ்திரிகளும் போயிட்டாங்க. கீழ்த்தளத்துல தடுப்புக் கதவு இருந்தது, மாடியில இல்ல. அதனால எந்த உபயோகம் வந்தாலும் ரெண்டாவது படி ஒண்ணு வெளிய போகணும், பழைய படிக்குத் தீ தாங்கற கதவு வேணும். தேஞ்ச படியைக் காப்பாத்தறேன்னு இதுல சமரசம் பண்ணாதீங்க. தேஞ்ச படிமேல புதுக் கல் ஒட்டவும் வேணாம், சறுக்கற இடத்துல மட்டும் ஓரப்பட்டை அடிச்சு, கைப்பிடி போட்டு, மெயின் போக்குவரத்தைப் புதுப் படிக்கு மாத்திடலாம். சக்கர நாற்காலிக்கு லிஃப்ட்டும் அந்தப் புதுப் படியோடவே வெளிய வந்துடும், பழைய சுவரை உடைக்க வேண்டியது இல்ல, நாளைக்கு வேணாம்னா கழட்டிடலாம்.

வராண்டாவை மட்டும் யாரும் துண்டு போட விடாதீங்க. பழைய ஸ்கூல்ல வகுப்பை விட வராண்டாதான் அந்தக் கட்டடத்தோட முதுகெலும்பு. அமெரிக்காவுல பாரம்பரியக் கட்டடத்தைச் சரியா புதுப்பிச்சா செலவுல 20 சதவீதம் வரிச்சலுகை உண்டு, அதுக்குப் பரிசோதிக்கிறவங்க ஸ்கூல்னா முதல்ல பார்க்கறது வராண்டாவும் ஆடிட்டோரியமும் அப்படியே இருக்கான்னுதான். வகுப்புக்குள்ள கொஞ்சம் தடுத்துக்கலாம், இந்த ரெண்டையும் கூறு போட்டா சலுகை கிடைக்கறது கஷ்டம்.


நேர்பேச்சு:

சரி, சுண்ணாம்பு சொன்னதெல்லாம் சேர்த்தா என் பார்வையில கணக்கு இதுதான்: கீழ ரேக், மேல வாசிக்கிற ரூம், மேல மிச்சம் இருக்கிற வகுப்புகளை தினம் வந்து வேலை பார்க்கிற யாருக்காவது வாடகைக்கு விடுங்க, தையல் கிளாஸோ, பாட்டு கிளாஸோ, சின்ன ஆபீஸோ. பைப் வேலை கம்மி, லோடு கம்மி, கதவு தினம் திறக்கும். மியூசியம் கோஷ்டிக்கு ஹெட்மாஸ்டர் ரூம். ஹோட்டல் கோஷ்டிக்கு வருமானம். குரூப்பை விட்டுப் போன பெரியவங்களுக்கு ஒரு போன். யாருக்கும் முழுசா பிடிக்காது, அதனால நடக்கும்னு தோணுது.


கடைசிபெஞ்ச்:

எல்லாருக்கும் நன்றி, டீச்சர் அம்மாவுக்கு தனியா நன்றி.

நேத்து மறுபடி போனோம், ஸ்க்ரூடிரைவரோட. மாடியில 22 உத்தரம், ரெண்டு ரெண்டு முனை, குத்திப் பார்த்ததுல 5 முனை உள்ள போகுது, அஞ்சும் மேற்குச் சுவர், மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சு கிடக்கிற பக்கம். போட்டோ போடறேன், சுண்ணாம்பு அண்ணே கொஞ்சம் பாருங்க. வராண்டாக் கடைசியில ஒரு வகுப்புக்கு யாரோ எப்பவோ பொய்க்கூரை போட்டிருக்காங்க, அதுல ஒரு பலகையை மட்டும் தூக்கிப் பார்த்தோம், மேல அரை வட்ட ஜன்னல் கலர் கண்ணாடியோட முழுசா இருக்கு. நாலு வருஷம் அந்த ரூம்ல படிச்சேன், அங்க ஒரு ஜன்னல் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

நேர்பேச்சு சார், போன் பண்ணிட்டேன். ஒருத்தர் எடுக்கல. இன்னொருத்தர் எடுத்து, ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்த சுவர்க் கடிகாரம் தன் வீட்டுலதான் இருக்குன்னு சொல்றார். எப்படி அங்க போச்சுன்னு நான் கேக்கல.